பழைய கேம்பர் வானின் பெற்றோல் குழாய்களை மாற்றுவது எப்படி

நிலாவெளியிலிருந்து திரும்பிய ஒரு மாலையில், உவர்மலை ஏற்றத்தில் பெற்றோல் மணத்தது. வீட்டுக்கு வந்ததும் பின்மூடியைத் திறந்து பார்த்தேன். பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேட்டருக்குப் போகும் இறப்பர் குழாய் நல்லதாகத்தான் தெரிந்தது. விரலால் வளைத்ததும் நூல் பின்னலுக்குள் மறைந்திருந்த வெடிப்புகள் வாய் திறந்தன. எஞ்சினுக்கு நேர் மேலே உள்ள படுக்கையில்தான் என் இரண்டு பிள்ளைகளும் வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தார்கள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

வான் 1973ஆம் ஆண்டு வோக்ஸ்வேகன், 1600 சிசி. அதன் எஞ்சின் கூடு மக்னீசியக் கலவை. அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. தண்ணீர் தீயை இன்னும் மூட்டிவிடும். ஆகவே வெடித்த துண்டை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியடையாதீர்கள். பெற்றோல் தாங்கியிலிருந்து காபரேட்டர் வரை உள்ள இறப்பர் எல்லாம் ஏறக்குறைய ஒரே வயதுதான். கைக்கெட்டாத துண்டு தாங்கியடியில் இருக்கும். என் வண்டியில் அதை எட்டுவதற்கு எஞ்சினையே இறக்க வேண்டியிருந்தது, இறக்கினேன். அந்தத் துண்டுதான் எல்லாவற்றிலும் மோசமாக இருந்தது.

எஞ்சின் சூடும் பெற்றோலும் சேர்ந்து இறப்பரின் மென்மையை உறிஞ்சிவிடுகின்றன. மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில் குழாய் உள்ளே காய்ந்து வெடிக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் நிறுத்திவைத்த வண்டிக்கு நேர்வதும் இதுதான்.

குழாய் வாங்கும்போது அளவில் விட்டுக்கொடுக்காதீர்கள். என் வண்டியில் இறப்பர் ஏறும் இரும்புக் குழாயின் வெளிவிட்டம் 6 மில்லிமீற்றர். “அண்ணா, கால் அங்குலம் போதும், கிளிப்பை இறுக்கினால் சரி” என்றார் கடையில் நின்ற தம்பி. கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீற்றர், அது தளர்வாகத்தான் இருக்கும். கிளிப் இறுக இறுக இறப்பர் மடிந்து, அந்த மடிப்பு வழியே கசியும். 5.5 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ளதைத் தேடி வாங்கினேன். குழாயின் மேல் எஸ்ஏஇ ஜே30 ஆர்7 என்ற தரக்குறி அச்சு இருந்தால் காபரேட்டர் வண்டிக்குப் போதும். ஆர்9 அதைவிட அதிக அழுத்தம் தாங்கும், நான் அதையே போட்டேன். மோட்டார் சைக்கிள்களில் மாட்டும் ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் குழாய் வேண்டவே வேண்டாம். எஞ்சின் சூட்டில் அது கல்லாக இறுகிவிடும். நூல் பின்னல் போட்டதையும் நான் வாங்குவதில்லை. வெடிப்பை மறைக்கும் சட்டையால் எனக்கு என்ன பயன்?

வேலையை வெளியில், காலை வெயில் ஏறும் முன் தொடங்குங்கள். சமையல் காஸ் சிலிண்டரை மூடி வண்டியை விட்டே அகற்றுங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு படர்ந்து தூரத்து நெருப்பையும் தேடிப் போகும். கேம்பரில் பற்றரி இரண்டு இருந்தால் இரண்டின் எதிர்முனை வயரையும் கழற்றுங்கள். உலர்தூள் தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தாங்கியை முதலில் வடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் குழாயைக் கழற்றியதும் பெற்றோல் தானாகவே ஓடிவரும்.

பழைய குழாயை இழுத்துப் பிடுங்காதீர்கள். காபரேட்டரின் பித்தளை முனை வெறுமனே அழுத்திச் செருகப்பட்டது. ஆட்டினால் தளர்ந்துவிடும், பிறகு ஓடும்போது கழன்று விழும். இறப்பரை நீளவாக்கில் மெதுவாகக் கீறி உரித்தெடுங்கள். இரும்பில் கீறல் விழக்கூடாது. கடற்காற்றுப்பட்ட ஊர் ஆகையால் குழாய் முனைகளில் துரு இருக்கும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடையுங்கள். துரு குழி விழுந்திருந்தால் அந்த இரும்புக் குழாயையும் மாற்ற வேண்டும்.

புதிய குழாயைக் கூரிய பிளேட்டால் நேராக வெட்டி, 25 மில்லிமீற்றர் உள்ளே போகும்படி ஏற்றுங்கள். கிளிப்பின் ஓரம் மடித்ததாக இருக்கட்டும். துளைப்பல் கிளிப் இறப்பரை அறுக்கும். இரும்புக் குழாய் எஞ்சின் தகட்டினூடாக வரும் துவாரத்தில் ஓர் இறப்பர் வளையம் இருக்க வேண்டும். என்னுடையதில் அது எப்போதோ உதிர்ந்துபோய், தகட்டின் விளிம்பு குழாயில் தடம் பதித்திருந்தது. பெற்றோல் வடிகட்டியை, தீப்பொறிக்கான மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டருக்கு மேலே தொங்கவிடாதீர்கள். தாங்கிக்கும் பம்புக்கும் இடையில், எஞ்சின் அறைக்கு வெளியே பொருத்துங்கள்.

முடிந்ததும் 5 லீற்றர் ஊற்றி அரை மணி நேரம் காத்திருங்கள். ஒவ்வொரு மூட்டையும் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, சூடேறியபின் மறுபடி பாருங்கள். 50 கிலோமீற்றர் ஓடியதும் கிளிப்புகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும், இறப்பர் சற்று அமுங்கியிருக்கும்.

பெற்றோல் ஊற்றும் வாயின் தடித்த குழாயும் காற்றுக் குழாய்களும் இன்னும் மிச்சம். அவை தாங்கி நிறைந்தால்தான் கசியும், அதனால் பாதித் தாங்கியோடு சோதித்து ஏமாறுகிறோம். பெற்றோல் செட்டில் முழுவதுமாக நிரப்பி, வீட்டுக்குக் கொண்டுவந்து ஒற்றிப் பார்த்தேன். காகிதம் காய்ந்தே வந்தது. அன்றைய திகதியைப் பின்மூடியின் உட்புறத்தில் வெள்ளைப் பெயின்ற்றால் எழுதி, அதன் கீழே நான்கு வருடம் கழித்து வரும் திகதியையும் எழுதிவைத்திருக்கிறேன்.