குடல் அழுகல் நோய் (நெக்) அறுவை சிகிச்சைக்குப் பின்: பெற்றோரிடம் சொல்லக்கூடாத கணக்குகள்

புதிதாகப் பயிற்சிக்கு வந்தவர்கள் குறைமாதக் குழந்தையின் வயிற்றைத் திறந்து மூடிவிட்டு வெளியே வந்து பெற்றோரிடம் பேசுவதைக் கேட்கிறேன். பத்து வருடத்துக்கு முன் நான் பேசிய அதே வார்த்தைகள். நெக் என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் குடல் அழுகல் நோயில், அறுவை வரை போகும் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று பிழைப்பதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் நம் கணிப்பு தவறினால் ஒரு உயிர் போகலாம். எக்ஸ்ரேயில் குடலுக்கு வெளியே கசிந்த காற்றைத் தவறவிடுவது போன்றவற்றைப் பாடப்புத்தகமே கண்டிக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

சென்டிமீட்டரை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்வது

இன்றும் எனக்கு ஆத்திரம் வரவைக்கும் தவறு இதுதான். 26 வாரத்தில் பிறந்த ஆண் குழந்தை. அழுகிய பகுதியை வெட்டி எடுத்தபின் மிஞ்சிய சிறுகுடல் 38 செ.மீ. அப்பாவிடம் போய், "குடல் ரொம்பக் கம்மியா இருக்கு, பால் குடிச்சு வளர்றது கஷ்டம்" என்றேன். அவர் ஒரு நிமிஷம் சுவரைப் பார்த்துவிட்டு, "அப்ப எதுக்கு டாக்டர் இன்னும் ஊசி குத்துறீங்க?" என்று கேட்டார். சிகிச்சையை நிறுத்தும் பேச்சு அன்று சாயங்காலமே தொடங்கிவிட்டது.

என் சீனியர் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை வாரம்?"

நிறைமாதக் குழந்தைக்குச் சிறுகுடல் சராசரியாக 157 செ.மீ.; அதில் 38 என்றால் கால் பங்குதான். ஆனால் 24 முதல் 26 வாரக் குழந்தைக்கு மொத்தமே சுமார் 70 செ.மீ. அப்படியானால் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. இவை 2009-இல் வெளியான, அறுவையின்போதே அளந்த கணக்குகள். பிரேதப் பரிசோதனையில் அளந்த 1983-ஆம் ஆண்டின் அட்டவணையில் எண்கள் இதைவிட நீளம், இரண்டையும் கலக்காதீர்கள். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் குடல் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று முதலில் காட்டியதும் அந்தப் பழைய ஆய்வுதான். அந்த வளர்ச்சி முழுவதும் இந்தக் குழந்தைக்கு இனிமேல்தான் நடக்க வேண்டும்.

மறுநாள் காலை அப்பாவை உட்கார வைத்து, நேற்று சொன்னது தப்பு என்று சொன்னேன். வேறு வழியில்லை. குழந்தை ரத்தக்குழாய் வழி ஊட்டத்தில் மாதக்கணக்கில் இருந்தான், நடுவில் மஞ்சள் காமாலை வந்தது, ஸ்டோமாவை (குடலை வயிற்றுக்கு வெளியே திறந்துவைத்த வாயை) மூடினோம், கடைசியில் தாய்ப்பாலில் வீட்டுக்குப் போனான்.

ஓட்டை எல்லாம் நெக் என்று நினைப்பது

மிகச் சிறிய குழந்தைகளுக்குக் குடல் அழுகாமலே தானாக ஓட்டை விழுவதுண்டு. அது வேறு நோய். அமெரிக்காவில் 1000 கிராமும் அதற்குக் குறைவுமாகப் பிறந்த 310 குழந்தைகளை வைத்து நடந்து, 2021-இல் வெளியான நெஸ்ட் ஆய்வைப் பாருங்கள். முதலில் வயிற்றைத் திறந்தாலும் வயிற்றிலிருந்து கசிவை வடிக்கும் குழாய் மட்டும் வைத்தாலும், இறப்பு அல்லது மூளை வளர்ச்சிப் பாதிப்பு ஏறக்குறைய சமம்: 69, 70 சதவீதம். அறுவைக்கு முன் நெக் என்று கணித்தவர்களை மட்டும் பிரித்தால் திறந்தவர்களில் 69, குழாய் வைத்தவர்களில் 85. தானாக விழுந்த ஓட்டை என்று கணித்தவர்களில் 69, 63. எந்த நோய் என்று சொல்லாமல் ஒரே சதவீதத்தைப் பெற்றோர் கையில் கொடுப்பவர் இரண்டு தரப்புக்கும் தப்பான எண்ணைக் கொடுக்கிறார்.

பிழைப்பதையும் நலமாக இருப்பதையும் ஒரே மூச்சில் சொல்வது

இரண்டு கேள்வி. தனித்தனியாக, வேறு வேறு நாளில் பதில் சொல்லுங்கள்.

ஒரே ஒரு லாக்டேட்

லாக்டேட் என்பது திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் ஏறும் பொருள். ஒரு அளவை மட்டும் வைத்துக் கணிக்காமல், ஏறுகிறதா இறங்குகிறதா என்று போக்கைப் பாருங்கள். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகளின் எண்ணிக்கைக்கும் அதேதான்.

அறுவைக் குறிப்பை அரைகுறையாக எழுதுவது

"சிறுகுடல் வெட்டப்பட்டது" என்று மட்டும் எழுதிய குறிப்பை வைத்து யாரும் எதையும் கணிக்க முடியாது. வெட்டியது எவ்வளவு என்பதைவிட மிஞ்சியது எவ்வளவு என்பதே முக்கியம். குடலை இழுக்காமல், வெளிவிளிம்பு ஓரமாக நூல் வைத்து அளந்து எழுதுங்கள். மிஞ்சியது ஜெஜூனமா (சிறுகுடலின் நடுப்பகுதி) இலியமா (கடைசிப் பகுதி), சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்திலுள்ள இலியோசீக்கல் வால்வு இருக்கிறதா, பெருங்குடல் எவ்வளவு என்பதும் வேண்டும். பக்கத்திலேயே, அதே வரியில், அன்று குழந்தைக்கு எத்தனை வாரம் என்பதும்.