கரண்ட் இல்லாத தோப்பில் ஓர் இரவு: மரப் பரண் கட்டுவது எப்படி?

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் சொந்தக்காரர்களுக்கு வயலை ஒட்டி ஒரு தோப்பு இருந்தால், பரண் கட்டி அங்கேயே தங்கலாம். முதலில் காலம் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சம்பா அறுத்து முடிந்து வயலில் உளுந்தும் பயறும் பச்சை கட்டி நிற்கிற தை, மாசிதான் சரி.

அடுத்து மரம். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். தென்னை கூடாது, தலையில் காயும் மட்டையும் விழும். முருங்கை, ஒதியன் லேசில் ஒடியும். வயதான புளி, மா, இலுப்பை நல்லது, என் ஓட்டு இலுப்பைக்கு. மாமரம் என்றால் இலைகளைச் சேர்த்துச் செவ்வெறும்பு கூடு கட்டியிருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். அடிமரத்தைக் கட்டையால் தட்டினால் பொந்து விழுந்தது சத்தத்திலேயே தெரியும். பட்டுப்போன கிளை மேலே நின்றால் முதலில் அதை இறக்கிவிடுங்கள்.

உயரம் 7, 8 அடி போதும். பாரத்தை மரத்தின் மேல் ஏற்றாமல் நான்கு மூங்கில் கால்கள் நட்டு, அவற்றுக்குள் குறுக்கே சாய்வாகவும் மூங்கில் கட்டுங்கள். நம்ம ஊர்க் களிமண் ஈரத்தில் இளகும், அதனால் குழியில் செங்கல் ஜல்லி போட்டு இடித்த பிறகே காலை நிறுத்த வேண்டும். மேலே மூங்கில் பிளாச்சுகளை நெருக்கமாகப் பரப்பித் தேங்காய் நார்க் கயிற்றால் இறுக்குங்கள். கிளையோடு சேர்த்துக் கட்டும் இடத்தில் மட்டும் பட்டைக்கும் கயிற்றுக்கும் நடுவே சாக்கை மடித்து வைத்து முடிச்சைத் தளர்வாக விடுங்கள், காற்றில் மரம் ஆட இடம் வேண்டும். ஆணி அடித்து அதைப் புண்ணாக்காதீர்கள். சுற்றிலும் இடுப்பளவு தடுப்பு, கூரைக்குக் கீற்று. நீங்கள் ஏறுவதற்கு முன், உங்கள் எடையைவிட அதிகமாக மணல் மூட்டைகளை ஏற்றி ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள்.

வெளிச்சத்துக்கு 20 வாட் சோலார் தகடும் சின்ன பேட்டரியும் போதும். 5 வாட் எல்இடி பல்பு ராத்திரி எரிந்தது போக போன் சார்ஜுக்கும் மிஞ்சும். ஃபேன் வேண்டாம், கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள்.

சமையல் கீழேதான். கீற்றுக் கூரைக்குள் அரிக்கேன் விளக்கு, கொசுவர்த்தி எதுவும் கூடாது. அப்புறம், ராத்திரி இறங்கினால் டார்ச்சும் ஷூவும் கட்டாயம்: வரப்பில் எலி இருக்கும், எலியைத் தேடி விரியன் வரும். கடித்துவிட்டால் கயிறு கட்டாமல், கீறாமல், கடிபட்ட காலை அசைக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தோப்பில் சிக்னல் எங்கே கிடைக்கிறது, ஆம்புலன்ஸ் எதுவரை வர முடியும் என்பதைப் பகலிலேயே பார்த்துவையுங்கள்.