மானாவாரிக் கோதுமைக்கு நிலம் பார்க்கப் போகிறீர்களா? கடப்பாரையோடு போங்கள்

சிங்கப்பூரில் கோதுமை விளையாது, சரி. ஆனால் இங்கிருந்து ஐந்து மணி நேரத்தில் பெர்த் போய்விடலாம், அங்கே குடியேறிய மச்சான் யாராவது "வீட்பெல்ட் (பெர்த்துக்குக் கிழக்கே இருக்கும் கோதுமை வட்டாரம்) பக்கம் ஒரு நிலம் வருது, பங்கு போடலாமா"ன்னு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் வீவக வீட்டு சோபாவில் உட்கார்ந்தே தலையாட்டிவிடாதீர்கள். ஆகஸ்ட் மாதப் படத்தில் எந்த நிலமும் பச்சையாகத்தான் இருக்கும். பாசனம் இல்லாமல், மழையை மட்டும் நம்பி வளரும் பயிருக்குச் சோறு போடுவது மேல்மண் மட்டும் இல்லை, அதற்குக் கீழே இருக்கும் ஒரு மீட்டர் மண்.

அதனால் முதல் வேலை குழி. மேடு, சரிவு, பள்ளம் மூன்றிலும் ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தோண்டி, போன பயிரின் வேர் எதுவரை போயிருக்கிறது என்று பாருங்கள். 20, 25 சென்டிமீட்டரில் வேர் சட்டென்று பக்கவாட்டில் திரும்பியிருந்தால் டிராக்டர் ஏறி இறுகிய மண்ணாக இருக்கலாம், வேர் குட்டையாகத் தடித்து நின்றிருந்தால் அமிலமாக இருக்கலாம். விற்பவர் இதையெல்லாம் சொல்ல மாட்டார்.

அடுத்தது, மண் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? ஒரு கைப்பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நாடா மாதிரி வெளியே தள்ளுங்கள். நாடாவே வராமல் உதிர்ந்தால் மணல், 5 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டால் களி. மணல் ஒரு மீட்டர் ஆழத்தில் 50 முதல் 80 மில்லிமீட்டர் தண்ணீரைத்தான் பயிருக்குத் தரும், நல்ல களிமண் 150க்கு மேலேயும் தரும். மழை ஒரு மாதம் ஏமாற்றினால் இந்த வித்தியாசம்தான் பயிரைக் காப்பாற்றும். மணலாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள்: காய்ந்த மண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உள்ளே போகாமல் முத்தாக உருண்டு நிற்கிறதா? நின்றால் முதல் மழையில் விதை சீராக முளைக்காது.

களி என்றால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். கார் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் காய்ந்த மண்கட்டி ஒன்றைப் போட்டு, ஆட்டாமல் இரண்டு மணி நேரம் விடுங்கள் (குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் இருக்கும் உப்பே முடிவை மாற்றிவிடும்). கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி கலங்கினால் சோடியம் அதிகம், மழை பெய்தால் சேறு, காய்ந்தால் சிமென்ட். ஜிப்சம் போட்டுச் சரிசெய்யலாம், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

மண்ணின் அமிலத்தை அளக்கும் பி.எச். பரிசோதனையில் (எண் குறைந்தால் அமிலம் அதிகம்) பலரும் மேல்மண்ணை மட்டும் அனுப்புகிறார்கள். 0-10, 10-20, 20-30 சென்டிமீட்டர் என்று தனித்தனியாக லேபுக்குக் கொடுங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் கால்சியம் குளோரைடு முறைப்படி (மண்ணை அந்த உப்புக் கரைசலில் கலந்து அளப்பது) மேல்மண்ணில் குறைந்தது 5.5, அதற்குக் கீழே குறைந்தது 4.8 இருக்க வேண்டும் என்பது கணக்கு. அதற்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரைந்து வேரைக் கருக்கும். அமிலத்தைக் குறைக்க மேலே தூவிய சுண்ணாம்பு கீழே இறங்கப் பல வருஷம் ஆகும், அதனால் ஆழத்து அமிலம்தான் பெரிய தலைவலி.

அப்புறம் உப்பு. அந்தப் பக்கம் காட்டு மரங்களை வெட்டியதால் நிலத்தடி நீர் மேலேறி, அடியில் கிடந்த உப்பையும் தூக்கி வந்துவிட்டது. பள்ளத்தில் வெள்ளைப் பூச்சு, மொட்டைத் திட்டு தெரிந்தால் லேபில் உப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரில் முழுக்க ஊறிய மண்ணிலிருந்து பிரித்தெடுத்த நீரில் மீட்டருக்கு 6 டெசிசீமன்ஸ் (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தல் அலகு) தாண்டினால் கோதுமை விளைச்சல் குறைய ஆரம்பிக்கும்.

எல்லாம் தேறினால் எவ்வளவு விளையும் என்று ஒரு கணக்கு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பெய்யும் மழையில் 110 மில்லிமீட்டரை ஆவிக்குக் கழித்து, மிச்சத்தை 20ஆல் பெருக்குங்கள். 250 மில்லிமீட்டர் பெய்தால் ஹெக்டேருக்கு 2,800 கிலோ. இது உச்ச வரம்பு, மச்சான் அதற்கு மேல் சொன்னால் குழிக்குப் பக்கத்திலேயே நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

"ஊரில் கோவில்பட்டிப் பக்கம் கரிசல் கிடக்கே, அதில் போடலாமா?" என்று கேட்பவர்களுக்கு: தண்ணீர் பிடிப்பதில் அந்த மண் பாஸ். மத்தியப் பிரதேசத்தின் மால்வாவில் அதே மாதிரி கரிசலில் கோதுமை விளைகிறது, ஆனால் அங்கே குளிர்காலம் என்று ஒன்று இருக்கிறது. மணி பிடிக்கும் நேரத்தில் 30 டிகிரி தாண்டினால் கோதுமை சுருங்கிவிடும், கோவில்பட்டியில் அதைத் தவிர்ப்பது கஷ்டம். அங்கே உளுந்தோ சோளமோ போடுங்கள்.