சீமைக்கருவையை மரம் வைத்து அடக்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடி, கடலாடிப் பக்கம் ஆடுமாடு மேயும் மந்தைவெளியில் மரம் வளர்த்துச் சீமைக்கருவையை, அதாவது சீமைக்கருவேல முள்மரத்தை, ஒழிக்கிறோம் என்று நிறையப் பேர் கிளம்பியிருக்கிறார்கள். நல்ல காரியம். தண்ணீர் ஊற்ற வேண்டும், கன்றுக்கு அடைப்பு வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

மொத்தமாக மொட்டையடிப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. ஜேசிபியை இறக்கி ஒரே மூச்சில் நிலத்தைப் பொட்டலாக்கிவிட்டு, பதினைந்து அடிக்கு ஒரு கன்று நடுகிறார்கள். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கருவையை அகற்றச் சொன்ன சமயத்திலும் இந்த அவசரத்தைத்தான் பார்த்தோம். ஐப்பசி மழை விழுந்ததும் தரை முழுக்கக் கருவைக் கன்று! மண்ணுக்குள் பல வருஷத்து விதை உயிரோடு கிடக்கிறது. வெயில் விழும் வெறும் மண்தான் அதற்குத் தோது. நிழலில் முளைத்தால் நோஞ்சானாக நின்று பெரும்பாலும் செத்துப்போகும். அந்த ஒரு பலவீனத்தை நம்பித்தானே மரம் வைக்கிறோம்? அப்புறம் இருக்கிற நிழலையும் ஏன் முதல் நாளே பிடுங்கி எறிகிறீர்கள்?

புதருக்குள் குனிந்து பாருங்கள். மைனாவும் காக்கையும் போட்ட வேப்பங்கொட்டை முளைத்து முழங்கால் உயரத்துக்கு நிற்கும். சுற்றியுள்ள முள்ளால் ஆட்டுக்கு எட்டாது. போன வருஷம் பக்கத்து ஊரில் அப்படிப்பட்ட வேம்புகள் மேல் இயந்திரம் ஏறி இறங்கியது. மறு வாரம் அதே இடத்தில், நர்சரியில் காசு கொடுத்து வாங்கிய வேப்பங்கன்றை நட்டார்கள்.

பத்தை பத்தையாகத் திறங்கள். உள்ளே நிற்கும் வேம்பு, உடை (குடைவேல்) மரத்துக்கெல்லாம் முதலில் துணி கட்டி அடையாளம் வையுங்கள். அதை ஒட்டியுள்ள கருவையை மட்டும் எடுத்து, அந்த முள்ளையே வளைத்து அடைப்பு போடுங்கள். காலியிடத்தில் புங்கம், வேம்பு, பூவரசு மூன்றையும் ஆறேழு அடியில் நெருக்கி நடுங்கள். கொப்போடு கொப்பு தொட்ட பிறகு அடுத்த பத்தை. வருஷக்கணக்கில் ஆகும், ஆகட்டும்.

தரையோடு வெட்டுவது

கரிமூட்டத்துக்கு எடுப்பவர் சும்மாவே வெட்டித் தருகிறேன் என்பார். தூர் தழைத்தால்தானே அவருக்கு அடுத்த வெட்டு! தரைக்குக் கீழே ஓர் அடி தோண்டி வேர்முண்டோடு எடுக்காவிட்டால் ஒரு தூரிலிருந்து பத்துக் கொம்பு வரும்.

கருவை நெற்று தின்ற ஆட்டை உரத்துக்காகக் கிடை போடுவது

புழுக்கையோடு விதையும் உரமும் சேர்ந்தே விழும். ஒரு வாரம் வேறு பட்டியில் அடைத்துத் தீனி மாற்றிய பிறகு ஓட்டி வாருங்கள். மாடு இன்னும் மோசம். ஆடாவது கொஞ்சம் விதையைக் கடித்து நொறுக்கும்.

சவுக்கு

நிழல் மெல்லிசு. வெட்டின அன்றே வெயில் திரும்பிவிடும்.

பனை

நிலத்தின் ஓரத்துக்கு மட்டும்.

உப்புப் பூத்த இடத்தில் வேம்பு

வீண். உப்பைத் தாங்கும் உகாய் மரம் வையுங்கள்.

கவாத்தை மறப்பது

மேய்ச்சலுக்கான நிலம் இது. நிழல் கட்டிக்கொண்டால் புல்லும் வராது. மரம் தலைக்கு மேல் போனதும் கீழ்க்கொப்பை ஆள் உயரத்துக்குக் கழித்துவிட்டால் கொழுக்கட்டைப்புல் பிடிக்கும், வேப்பங்குழை ஆட்டுக்கு ஆகும். அந்த வெளிச்சத்தில் ஒன்றிரண்டு கருவை தலைகாட்டும். மண்ணில் ஈரம் இருக்கும்போதே கையால் பிடுங்கிவிடலாம். கார்த்திகையில் விட்டால் பங்குனியில் மண்வெட்டி வேண்டியிருக்கும்.