மலையேறும் முன் கூலன்ட் மாற்றுவது எப்படி

கார்த்திகை பிறந்துவிட்டால் தேனி மாவட்டத்து லோயர் கேம்ப்பிலிருந்து கேரள எல்லையிலுள்ள குமுளிக்கு மலை ஏறும் பாதையில் பானட்டைத் தூக்கி வைத்தபடி ஓரமாக நிற்கும் கார்களைப் பார்க்கலாம். முன்னால் ஒரு லோடு லாரி, பின்னால் ஐயப்ப பக்தர்களின் வண்டி வரிசை, நடுவில் முதல் கியரில் ஏசியோடு ஊர்ந்து போகும் சின்ன கார். காற்று ஓட்டம் இல்லை, எஞ்சினுக்கோ முழுச் சுமை. ரேடியேட்டருக்குள் இருப்பதன் தரம் அங்கேதான் தெரியும். பல வண்டிகளில் அது டீத்தண்ணி நிறத்தில் இருக்கும். மூன்று வருடமாக போர் தண்ணி ஊற்றி ஊற்றி வந்த நிறம் அது.

"மலைக்கு முன்னாடி ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்திட்டுப் போப்பா" என்பது பழைய லாரிக்காரர்களின் பேச்சு. பித்தளை ரேடியேட்டரும் வார்ப்பிரும்பு எஞ்சினும் இருந்த காலத்துக்கு அது சரி. இன்றைய கார்களில் ரேடியேட்டரும் எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டும் அலுமினியம், பக்கவாட்டுத் தொட்டிகள் பிளாஸ்டிக். போர் தண்ணியில் இருக்கும் உப்பு அலுமினியத்தை அரிக்கும், சுண்ணாம்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும். ஹீட்டர் வைத்துக் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே கதைதான் எஞ்சினுக்குள்ளும் நடக்கிறது.

கூலன்ட் என்பது எத்திலீன் கிளைகாலும் துருத்தடுப்பு மருந்துகளும் கலந்த திரவம். கம்பம் ஊரில் தண்ணீர் உறையப்போவதில்லை, பிறகு எதற்கு என்று கேட்பார்கள். நமக்கு வேண்டியது உறையாத குணமல்ல, துரு பிடிக்காத குணமும் உயர்ந்த கொதிநிலையும்தான். ரேடியேட்டர் மூடி 0.9 முதல் 1.1 பார் வரை அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். அடுப்படியில் விசில் அடிக்கும் குக்கரின் அழுத்தமும் ஏறக்குறைய அதுதான். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர் 120 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் 129 டிகிரி வரைக்கும் தாங்கும். மூடியின் ரப்பர் வாஷர் போய்விட்டால் இந்தக் கணக்கு சரிந்துவிடும். 900 மீட்டர் உயரக் குமுளியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், எஞ்சினின் வழக்கமான சூடே 90 டிகிரி. அதனால் கூலன்ட் மாற்றும்போது மூடியையும் பாருங்கள். ரப்பர் கெட்டித்துப் போயிருந்தால், வெடித்திருந்தால், மூடி மேல் எழுதியிருக்கும் அதே அழுத்த அளவில் புதிது வாங்குங்கள். அதிக அழுத்த மூடி போட்டால் நல்லது என்று நினைத்தால் பழைய ஹோஸ்தான் பிய்த்துக்கொண்டு போகும்.

கடைக்குப் போய் "அண்ணே, பச்சைக் கூலன்ட் ஒரு லிட்டர் குடுங்க" என்று கேட்பதுதான் முதல் தப்பு. நிறம் வெறும் சாயம். ஒரு கம்பெனியின் பச்சையும் இன்னொரு கம்பெனியின் பச்சையும் வேறு வேறு மருந்தாக இருக்கலாம். வண்டியின் கையேட்டில் எந்த வகை என்று எழுதியிருக்கும், கேனின் பின்பக்கம் அதே வகை இருக்கிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாத வகைகளைக் கலந்தால் துருத்தடுப்பு மருந்து வலுவிழக்கும், சில நேரம் கூழ் போலத் திரண்டு குழாயை அடைக்கும். அடுத்து, அது அப்படியே ஊற்றும் கலவையா, தண்ணீர் சேர்க்க வேண்டிய கெட்டியா என்று பாருங்கள். கெட்டி வகையில் 1:1 (ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர்) என்றும் 1:3 (ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர்) என்றும் வரும். எவ்வளவு வாங்குவது என்பதற்குக் கையேட்டில் மொத்தக் கொள்ளளவு இருக்கும். சின்ன பெட்ரோல் கார் 4, 5 லிட்டர் கேட்கும், டீசல் வண்டி அதைவிடக் கூடுதல். பழைய வகைக் கூலன்ட் 2 வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர், நீண்ட ஆயுள் வகை 5 வருடம் என்பது பொதுவான கணக்கு. கையேடு வேறு சொன்னால் கையேடு சொல்வதே சரி.

இதோடு 15 லிட்டர் டிஸ்டில்ட் வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரிக்கு ஊற்றுவதற்காக 5 லிட்டர் கேனில் விற்பதே போதும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றும் சிக்கனம் வேண்டாம், அதில் தூசியும் உலோகத் துணுக்கும் கலந்திருக்கும். 10 லிட்டர் கொள்ளும் அகலப் பேசின், புனல், பிளேயர், ரப்பர் கையுறை, அளவு போட்ட ஒரு காலி கேன் இவ்வளவுதான் சாமான். வடிகால் திருகின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) ஒன்றும் வாங்கி வையுங்கள். பழையது கழற்றியபின் மறுபடி சரியாக உட்காராது.

வேலையைக் காலையில், ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினில் செய்யுங்கள். சூடான வண்டியின் மூடியைத் துணி போட்டுத் திறக்கலாம் என்பவரின் முகத்தில்தான் கொதிநீர் அடிக்கும். அந்த ஆபத்தில் விளையாட வேண்டாம். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சாவியைத் திருப்பி ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துவிட்டு மறுபடி அணையுங்கள், ஹீட்டருக்குள் இருக்கும் பழசும் வரட்டும். சாவி வெளியே இருந்தாலும் சில கார்களில் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்றும். ஆகவே எஞ்சின் சூடாக இருக்கும் எந்தக் கட்டத்திலும் விசிறி பக்கம் கையை நீட்டாதீர்கள். அடியில் படுக்க வேண்டிய நிலை வந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் போடுங்கள்.

ரேடியேட்டரின் கீழ் மூலையில் வடிகால் திருகு இருக்கும். பல வண்டிகளில் அடியிலுள்ள பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றினால்தான் கண்ணில் படும். அது பிளாஸ்டிக் என்பதை மறக்காதீர்கள். பழைய வண்டியில் பிளேயரால் பிடித்து முறுக்கினால் மரை உடைந்துபோகும், பிறகு ரேடியேட்டரே மாற்ற வேண்டி வரும். விரலுக்கு அசையவில்லை என்றால் அதை விட்டுவிட்டு, கீழ் ஹோஸின் கிளாம்ப்பைத் தளர்த்தி அங்கேயே இறக்குங்கள். ஹோஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காமல் இடவலமாகத் திருகுங்கள். மூடியைத் திறக்காமல் வடிகாலைத் திறந்தால் நூல் போலத்தான் வரும். பேசினைச் சரியாக வைத்தபின் மேல் மூடியைத் திறந்தால் பீறிட்டு வரும். இந்த வரிசையில் செய்தால் வாசலெல்லாம் சிந்தாது.

வெளியே வந்ததை உடனே அளந்து எழுதி வையுங்கள். இந்தக் கணக்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உதாரணத்துக்கு, மொத்தம் 5 லிட்டர் பிடிக்கும் வண்டியில் 3 லிட்டர்தான் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 2 லிட்டர் எஞ்சின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் தங்கிவிடும்.

வந்ததைக் கொஞ்சம் பார்த்துவிட்டு மேலே போங்கள். நிறம் மாறாமல் தெளிவாக இருந்தால் நல்லது. செங்கல் நிறம் என்றால் துரு. கேப்பைக் கூழ் போலப் பழுப்பாக, வழவழப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில் கலந்திருக்கிறது. ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டோ, ஆயில் கூலரோ போயிருக்கும். அப்படியானால் கூலன்ட் மாற்றிப் பிரயோஜனமில்லை, அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ரிசர்வ் டப்பாவையும் கழற்றுங்கள். அடியில் படிந்த வண்டல் கைக்கு எட்டாது. ஒரு பிடி அரிசியும் கொஞ்சம் தண்ணீரும் விட்டுக் குலுக்கினால் உள்பக்கம் தேய்ந்து சுத்தமாகும். ஒரு அரிசிகூடத் தங்காமல் அலசி எடுப்பது முக்கியம்.

இனி கழுவல். வடிகாலை மூடி, டிஸ்டில்ட் வாட்டரை நிரப்பி, ஹீட்டர் முழுச் சூட்டில் எஞ்சினை ஓடவிடுங்கள். முதலில் மேல் ஹோஸ் சூடாகும், கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருக்கும். சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் 82 முதல் 88 டிகிரிக்குள் திறந்ததும் கீழ் ஹோஸும் சூடாகும். அதன்பின் ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஒன்று இரண்டு மணி நேரம் ஆறவிட்டு இறக்குங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை, பெரும்பாலும் இரண்டு மூன்று முறை, இதையே செய்யுங்கள். பழைய, துரு ஏறிய வண்டிக்குக் காரமான கழுவல் ரசாயனம் வேண்டாம். படிந்த சுண்ணாம்பே சில ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருக்கும், அது கரைந்ததும் ஒழுகல் ஆரம்பமாகும்.

இப்போது அந்த அளவுக் கணக்கு. உள்ளே 2 லிட்டர் வெறும் தண்ணீர் இருக்கிறது. இதன் மேல் பாதிக்குப் பாதி கலந்த ரெடி கூலன்ட் 3 லிட்டர் ஊற்றினால் அதில் கெட்டி ஒன்றரை லிட்டர்தான், மொத்த வண்டிக்கு 30 சதவீதம். காசு கொடுத்து வாங்கியதன் பலன் குறைந்துபோகும். அதற்குப் பதில் 1:1 கெட்டிக் கூலன்ட்டை இரண்டரை லிட்டர் முதலில் ஊற்றி, மேலே அரை லிட்டர் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுங்கள். சரியாக 50 சதவீதம் வந்துவிடும். கழுவாமல், அதே வகையை அதே கலவையில் மாற்றுகிறீர்கள் என்றால் ரெடி கூலன்ட்டே போதும். கெட்டியை மட்டுமே முழுக்க ஊற்றுவதும் தப்பு. கிளைகாலைவிடத் தண்ணீர்தான் சூட்டை நன்றாகச் சுமக்கும்.

இறக்குவதும் ஊற்றுவதும் யாரும் செய்வார்கள். காற்றை வெளியேற்றுவதில்தான் வேலை கெடுகிறது. உள்ளே சிக்கிய காற்று சிலிண்டர் ஹெட்டில் போய் உட்கார்ந்தால் அந்த இடத்தில் கூலன்ட் படாது, ஹெட் வளையும். நம் பக்கத்தில் சரிவுக்குப் பஞ்சமில்லை, வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். கூலன்ட்டை நல்லெண்ணெய் ஊற்றுவது போல மெல்லிய நூலாக ஊற்றுங்கள். சில வண்டிகளில் தெர்மோஸ்டாட் அருகே சின்னக் காற்றுத் திருகு இருக்கும். அதைத் திறந்து வைத்து, குமிழ் இல்லாமல் திரவம் மட்டும் வரும்போது மூடுங்கள். ரேடியேட்டரில் மூடியே இல்லாத வண்டிகளில் அழுத்தம் தாங்கும் டப்பா வழியாகத்தான் எல்லாமே.

மூடியைத் திறந்தே வைத்து, ஏசியை அணைத்து, ஹீட்டரைச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிடுங்கள். முகத்தை மேலே கொண்டுபோகாதீர்கள். கையுறையோடு மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டால் குமிழ்கள் வரும். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், அப்போது மேலும் ஊற்றுங்கள். குமிழ் நின்றதும் மூடியை மூடிவிட்டு, விசிறி இரண்டு முறை ஓடி ஓடி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். ஹீட்டரில் சூடான காற்று வர வேண்டும். எஞ்சின் சூடாகியும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே காற்று இன்னும் சிக்கியிருக்கிறது. குமிழ் அரை மணி நேரமாகியும் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் அது சிக்கிய காற்றல்ல, ஹெட் கேஸ்கெட் வழியாக வரும் புகை. ரிசர்வ் டப்பாவை 'மின்', 'மேக்ஸ்' கோடுகளுக்கு நடுவில் நிரப்புங்கள். மறுநாள் காலை ஆறிய எஞ்சினில் பார்த்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும், அது இயல்பு. தினமும் இறங்கினால் ஒழுகல். வாட்டர் பம்பின் அடித் துவாரம், ஹோஸ் முனைகள், முன் இருக்கைக் கால்பக்கத்து விரிப்பின் ஈரம் இவற்றைப் பாருங்கள். விரிப்பு ஈரமும் இனிப்பு வாசமும் சேர்ந்தால் ஹீட்டர் ஒழுகுகிறது.

சூடேறும் வண்டிக்கு "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுடுங்க சார்" என்று சொல்லும் வைத்தியம் இன்னும் நடமாடுகிறது. கழற்றினால் எஞ்சின் சூடேறவே மாட்டாமல் பெட்ரோல் குடிக்கும். சில வண்டிகளில் தெர்மோஸ்டாட்தான் உள்சுற்றுப் பாதையையும் மூடும், அது இல்லையென்றால் பாதித் திரவம் ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி, மலையில் இன்னும் சூடேறும். ஒழுகலுக்கு மஞ்சள்தூள் போடுவதும் அப்படித்தான். நடுக்காட்டிலிருந்து ஊர் வந்து சேர உதவலாம், பிறகு ஹீட்டர் குழாய்களை அடைத்துவிடும்.

மலையில் எஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டர் முள் ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரைப் போடுங்கள், ஓரமாக நிறுத்துங்கள். கூலன்ட் குறையவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் கொஞ்ச நேரம் ஐடிலில் விடலாம். ஆவி வந்தால் உடனே அணையுங்கள். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழலாம். கூலன்ட் முழுக்கப் போய்விட்டால் சென்சார் காற்றில் தொங்குவதால் முள் இறங்கியது போலக்கூடக் காட்டும், அதை நம்பாதீர்கள். குமுளி மெக்கானிக் எட்டிப் பார்த்து "வெள்ளம் இல்ல" என்றால் பதற வேண்டாம். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர்.

பேசினில் இருக்கும் பழைய கூலன்ட்டை ஒரு நிமிடம்கூட வாசலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். எத்திலீன் கிளைகால் இனிக்கும். நாய் நக்கும், தெருவில் போகும் மாடு வாளித் தண்ணீர் என்று வாய் வைக்கும், குழந்தை விரலை நனைத்துச் சுவைக்கும். சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்லும் விஷம் அது. யாராவது குடித்துவிட்டால் அறிகுறிக்குக் காத்திராமல் கேனையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாய்க்காலில் ஊற்றினால் வயலுக்கும் ஆற்றுக்கும் போகும். மூடியுள்ள கேனில் அடைத்து, மேலே 'விஷம்' என்று எழுதி, பழைய ஆயிலைச் சேர்த்து வைக்கும் ஒர்க் ஷாப்பில் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுங்கள். பழைய ஆயில் டிரம்மில் மட்டும் கலந்துவிடாதீர்கள். சிந்திய இடத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவாமல், மணல் போட்டு உறிஞ்சவிட்டு அள்ளி, பிறகு துடையுங்கள்.

கடைசியாக ஒரு துண்டு ஸ்டிக்கரில் தேதி, கிலோமீட்டர், கூலன்ட் வகை, கலவை அளவு நான்கையும் எழுதி பானட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை மட்டம் நிரப்பப்போவது நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.