நிலவறையில் கைவேலை அறையும் நாற்றங்காலும்: ஓதத்தைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்

வீட்டின் நிலவறையைக் கைவேலைக்கும் நாற்று வளர்க்கவும் ஒதுக்க நினைப்பவர்கள் முதலில் வாங்குவது பெயின்ட், தரைவிரிப்பு, அலமாரி. அவை கடைசியில் வாங்க வேண்டியவை. முதலில் பார்க்க வேண்டியது ஓதம், அதாவது சுவரிலும் தரையிலும் சேரும் ஈரம்.

ஓதம் பார்க்காமல் சுவரை மூடுவது

செய்கிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் செய்கிறார்கள். கான்கிரீட் சுவரை ஒட்டி மரச்சட்டம், இடையில் கண்ணாடிப் பஞ்சு, மேலே ஜிப்சம் பலகை. பளிச்சென்று இருக்கும். ஒரு மழைக்காலம் போனதும் பலகையின் அடிவிளிம்பில் பழுப்புக் கோடு தெரியும். பிரித்தால் பின்பக்கத் தாள் முழுக்கக் கரும்பூசணம். அத்தனையையும் பிடுங்கி எறிவதைத் தவிர வழியில்லை. ஒரு பிளாஸ்டிக் தாளில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் இது என்பதால்தான் இன்னும் எரிச்சல் வருகிறது.

45 செ.மீ. சதுரத்தில் தடித்த பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி டேப் போட்டுத் தரையில் ஒட்டுங்கள். சுவரிலும் ஒன்று. ஒரு நாள் முழுக்க விடுங்கள். தாளின் அடியில் நீர் கோத்திருந்தால் ஈரம் கான்கிரீட் வழியே வருகிறது. தாளின் மேற்பரப்பில் துளிகள் இருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த பரப்பில் படிகிறது. சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், நீர் உள்ளே வந்து காய்ந்த தடம் அது.

இரண்டுக்கும் மருந்து வேறு. கான்கிரீட் வழியே வந்தால் வெளியே போய்ப் பாருங்கள். கூரைநீர்க் குழாய் சுவரடியிலேயே கொட்டும். இல்லையென்றால் மண் வீட்டை நோக்கிச் சரிந்திருக்கும். சுவரிலிருந்து 3 மீட்டர் தூரத்துக்குள் 15 செ.மீ. இறங்கும்படி மண்ணைச் சரியுங்கள். இதைச் செய்யாமல் உள்ளே நீர்த்தடுப்புப் பெயின்ட் அடித்தால் அது கொப்புளித்து உரியும்.

காற்றின் ஈரமென்றால் ஈரம் உறிஞ்சும் கருவி வையுங்கள். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். நாற்றுத் தட்டுகளும் ஈரத்தைக் கூட்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். புழுக்கமான நாளில் ‘காற்றோட்டம்’ என்று ஜன்னலைத் திறந்தால் வெளியே உள்ள ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் வியர்க்கும்.

விளக்கை உயரத்தில் தொங்கவிடுவது

நாற்று நெடுநெடுவென்று வெளுத்து வளர்ந்து சாயும். எல்இடி குழல் விளக்கு இலைநுனிக்கு மேல் 5 முதல் 10 செ.மீ.யில் இருக்கட்டும். செடி வளர வளர ஏற்ற, சங்கிலியில் தொங்கவிடுங்கள். டைமரில் 14 முதல் 16 மணி நேரம்.

குளிர்ந்த தரையில் தட்டு

தக்காளி, மிளகாய் விதை முளைக்க மண்ணில் 25 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். அலமாரியில் வைத்து அடியில் சூட்டுப்பாய் விரியுங்கள். முளைத்ததும் பாயையும் மூடியையும் எடுத்துவிட்டுச் சின்ன மின்விசிறி போடுங்கள்; இல்லாவிட்டால் தண்டு மண்ணோடு ஒட்டிய இடத்தில் நூலாக மெலிந்து விழும். அதுதான் நாற்றழுகல்.

மரத்தூள் பறக்கும் மேசைக்குப் பக்கத்தில் நாற்று

வேண்டாம்.

ஸ்ப்ரே பெயின்ட், தின்னர்

இவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. நிலவறைத் தரையில் தேங்கும். எரிவாயு வாட்டர் ஹீட்டரின் சுடர் அங்கேயே எரிந்தால் தீப்பிடிக்கும். அந்த வேலை வெளியில்தான்.

மின்பலகை

விளக்கு, பாய், விசிறி எல்லாம் செருகும் நீட்டிப்புப் பலகையைத் தரையில் வைக்காதீர்கள். சுவரில், தட்டுகளுக்கு மேலே பொருத்துங்கள். வயர் நேராகப் பிளக்குக்குள் போகாமல் ஒரு வளைவு கீழே தொங்கிவிட்டு ஏறட்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். அந்த இணைப்புக்கு மின்கசிவு தடுப்பான் கட்டாயம்.