ஜாயின் எழுதும்போது எங்கே தவறுகிறோம்?

டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் மொழி எஸ்க்யூஎல். அதில் எழுதும் குவெரியில், அதாவது கேள்வியில், ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால் டேட்டாபேஸ் உடனே எரர் காட்டும். இரண்டு டேபிள்களைப் பொருத்தி இணைக்கும் ஜாயினைத் தப்பாகப் போட்டால் ஒன்றும் சொல்லாது. தப்பான விடையை அழகாக அடுக்கிக் கொடுத்துவிடும். அதனால் குவெரியை ஓட்டும் முன்பே எத்தனை ரெக்கார்டு வர வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடுங்கள்.

ஒரு டேபிளில் 3 வாடிக்கையாளர்கள், இன்னொரு டேபிளில் அவர்களின் ஆர்டர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு 2 ஆர்டர், அடுத்தவருக்கு 1, மூன்றாமவருக்கு எதுவும் இல்லை. இரு பக்கமும் பொருந்துபவற்றை மட்டும் தரும் இன்னர் ஜாயின் போட்டால் 3 ரெக்கார்டு வரும். மூன்று பேர், மூன்று ரெக்கார்டு, கணக்கு சரிதானே என்று தோன்றும். ஆனால் முதலாமவர் இரண்டு முறை வந்திருப்பார், மூன்றாமவர் இருக்கவே மாட்டார். இடப்பக்க டேபிளில் (இங்கே வாடிக்கையாளர் டேபிள்) உள்ள எல்லாரையும் வைத்துக்கொள்ளும் லெஃப்ட் ஜாயினில் 4 வரும். மூன்றாமவரின் ஆர்டர் ஃபீல்டுகளில் 'நல்' (மதிப்பு இல்லை என்ற குறி) இருக்கும்.

சரி, லெஃப்ட் ஜாயின் போட்டாச்சு. அப்புறம் 'முடிந்த ஆர்டர் மட்டும்' என்ற நிபந்தனையை, முடிவை வடிகட்டும் 'வேர்' பகுதியில் எழுதினால், 'நல்' அந்தச் சோதனையில் தேறாது. மூன்றாமவர் மறுபடி காணாமல் போவார். பெயருக்குத்தான் லெஃப்ட் ஜாயின், வேலை செய்வது இன்னர் ஜாயினாக. நான் அதிகமாகப் பார்த்த தவறு இதுதான். நிபந்தனையை, டேபிள்களை எப்படிப் பொருத்துவது என்று சொல்லும் 'ஆன்' பகுதிக்கு மாற்றினால் அவர் நிலைத்திருப்பார். ஆர்டரே இல்லாதவர்களைத் தேடும்போது மட்டும், ஆர்டர் எண் ஃபீல்டில் 'நல்' இருக்கிறதா என்று 'வேர்' பகுதியில் கேட்பது சரி.

ஆளுக்கு எத்தனை ஆர்டர் என்று எண்ணும்போதும் கவனம் வேண்டும். எண்ணிச் சொல்லும் கவுன்ட்டுக்குள் நட்சத்திரக்குறி போட்டால் மூன்றாமவருக்கு 1 என்று வரும். ஆர்டர் எண் ஃபீல்டைப் போட்டால்தான் 0 வரும்.

கூட்டுத்தொகையில் நடப்பது இன்னும் மோசம். 500 மதிப்புள்ள ஓர் ஆர்டரில் 3 பொருள்கள். ஆர்டர் டேபிளைப் பொருள் டேபிளோடு ஜாயின் செய்து ஆர்டர் தொகையைக் கூட்டினால் 1500 ஆகிவிடும். பலரும் உடனே, ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் எடுக்கும் டிஸ்டிங்க்ட் போட்டு மறைக்கப் பார்ப்பார்கள். அப்படிச் செய்தால், வெவ்வேறு இரண்டு ஆர்டர்கள் தலா 500 என்றிருக்கும்போது 1000-க்குப் பதில் 500 வரும். பொருள் விவரங்களை ஆர்டர் வாரியாக முதலில் குரூப் செய்து, ஆர்டருக்கு ஒரு ரெக்கார்டு என்று ஆக்கிய பிறகு ஜாயின் செய்யுங்கள்.

நேச்சுரல் ஜாயினை நான் தொடுவதே இல்லை. ஒரே பெயருள்ள எல்லா ஃபீல்டுகளையும் அது தானாகப் பொருத்திவிடும். நாளை இரண்டு டேபிளிலும் 'உருவாக்கிய தேதி' சேர்ந்தால் விடையே மாறிப்போகும். டேபிள் பெயர்களைக் கமாவால் பிரித்து எழுதும் பழைய முறையும் வேண்டாம். நிபந்தனையை மறந்தால் 1000 ரெக்கார்டும் 1000 ரெக்கார்டும் சேர்ந்து 10 லட்சமாகும்.

இரு பக்கமும் துணையில்லாத ரெக்கார்டுகளையும் சேர்த்துத் தரும் ஃபுல் அவுட்டர் ஜாயின், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் கிடையாது. எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் 2022-இல்தான் வந்தது. அது இல்லாத இடத்தில் லெஃப்ட் ஜாயின் முடிவோடு, வலப்பக்கம் துணையில்லாமல் நிற்கும் ரெக்கார்டுகளை மட்டும், இரண்டு முடிவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் யூனியன் ஆல் போட்டுச் சேர்க்கலாம்.